டிராக்டர் சக்கரம் சறுக்குவது ஏன்? டிபரென்ஷியல் லாக்கும் பின் அச்சுப் பல்சக்கரங்களும்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த கரிசல் காட்டில் டிராக்டர் உழுதுகொண்டிருக்கிறது. வயலின் நடுவே ஈரம் தங்கிய பள்ளத்தில் ஒரு பக்கத்துப் பின்சக்கரம் இறங்கியதும் அது மட்டும் வேகமாகச் சுழல்கிறது. காய்ந்த மேட்டில் நிற்கும் மறுபக்கத்துச் சக்கரம் அசையவே இல்லை. ஓட்டுநர் எஞ்சினை மேலும் முடுக்குகிறார். சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை புதைகிறது. பிறகு கடப்பாரை, பலகை, இழுத்துவிட இன்னொரு டிராக்டர் என்று அரை நாள் போகிறது. மண்ணின் பக்குவமும் கைவிட்டுப் போகிறது.

இவ்வாறு நேரும்போது "இந்த வண்டிக்கு இழுக்கும் சக்தி போதாது" என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். சுழலும் சக்கரத்துக்கு எஞ்சினிலிருந்து சக்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தச் சக்தியை மண்ணில் ஊன்றி இழுவையாக மாற்றும் பிடிப்புதான் இல்லை. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் டீசல், நேரம், வாடகை மூன்றும் மிச்சமாகும். உயிருக்கு வரும் ஆபத்தையும் தவிர்க்கலாம்.

சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் டிராக்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு அமர்த்தியே உழுகின்றனர். சக்கரம் வீணாகச் சுழலும் நேரத்துக்கும் அவர்களே பணம் கொடுக்கின்றனர். எனவே சொந்த டிராக்டர் இல்லாதவர்களும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பின் அச்சுக்குள் இருப்பவை

எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து பினியன் எனப்படும் சிறிய பல்சக்கரத்துக்கும், அதனுடன் பல்லோடு பல் கோத்துக்கொண்டிருக்கும் கிரவுன் எனப்படும் பெரிய பல்சக்கரத்துக்கும் செல்கிறது. பினியனில் 6 பற்களும் கிரவுனில் 37 பற்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 37-ஐ 6-ஆல் வகுத்தால் 6.17 வரும். அதாவது பினியன் 6.17 முறை சுற்றினால் கிரவுன் ஒரு முறை சுற்றும். வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது. முறுக்கு விசை அந்த அளவுக்குக் கூடுகிறது. சில மாடல்களில் அச்சின் இரு முனைகளிலும் மேலும் ஒரு ஜோடி பல்சக்கரங்களை அமைத்து வேகத்தை இன்னும் குறைத்திருப்பார்கள்.

கிரவுனோடு சேர்ந்த கூட்டுக்குள் நான்கைந்து சிறிய பல்சக்கரங்கள் உள்ளன. இதுவே டிபரென்ஷியல் ஆகும். டிராக்டர் திரும்பும்போது இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இது இடம் கொடுக்கிறது.

இதன் தேவையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இரு பின்சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 1.4 மீட்டர் என்று கொள்வோம். டிராக்டர் ஒரு முழு வட்டம் சுற்றி வந்தால், உட்புறச் சக்கரத்தைவிட வெளிப்புறச் சக்கரம் 8.8 மீட்டர் அதிகமாக ஓடவேண்டும். வட்டம் சிறியதானாலும் பெரியதானாலும் இந்த வேறுபாடு மாறாது. இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டிவிட்டால் ஏதாவது ஒரு சக்கரம் தேய்ந்துகொண்டே திரும்ப நேரிடும். அச்சும் முறுக்கேறி உடையும்.

ஒரு சக்கரம் சுழல மறுசக்கரம் நிற்பது ஏன்?

டிபரென்ஷியலின் குணம் ஒன்று உண்டு. இரு சக்கரங்களுக்கும் அது எப்போதும் சமமான விசையையே பங்கிட்டுக் கொடுக்கும். பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும்.

உதாரணமாக, சேற்றில் உள்ள சக்கரம் 200 கிலோ இழுவையை மட்டுமே தாங்கக்கூடியது என்று கொள்வோம். காய்ந்த மண்ணில் நிற்கும் மறுசக்கரம் 800 கிலோ இழுக்கவல்லது. ஆயினும் அதற்கும் 200 கிலோவே கிடைக்கும். ஆக மொத்த இழுவை 400 கிலோ. கலப்பை அதற்கு மேல் கேட்டால் சேற்றுச் சக்கரம் சுழலும், வண்டி நின்றுவிடும். ஒரு சக்கரம் முற்றிலும் நின்றுவிட்டால் மற்றது இரு மடங்கு வேகத்தில் சுழலும். புதைவது விரைவாக நேர்வதன் காரணம் இதுவே.

டிபரென்ஷியல் லாக்கை அழுத்தினால் இரு அச்சுத் தண்டுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். அப்போது சேற்றுச் சக்கரம் 200 கிலோவும் காய்ந்த மண்ணிலுள்ள சக்கரம் 800 கிலோவும் இழுக்கும். 400 கிலோ இழுவை 1,000 கிலோ ஆகிறது. எஞ்சினின் சக்தியில் எந்த மாற்றமும் இல்லை.

ஆனால் பளுவில் பெரும்பகுதியை ஒரே அச்சுத் தண்டு தாங்குகிறது என்பதை மறக்கக்கூடாது. அதனால்தான் லாக்கை அளவோடு பயன்படுத்த வேண்டும்.

லாக்கை எப்போது, எப்படிப் போடுவது?

பெரும்பாலான டிராக்டர்களில் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே, குதிகாலால் மிதிக்கும்படி லாக் மிதி அமைந்திருக்கும். பல பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து, பயன்படுத்தப்படாமலேயே கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, இயங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும்.

1. மென்மையான இடம் எதிரில் தெரிந்தால், அதில் இறங்கும் முன்பே லாக்கைப் போடுவது சிறந்தது.

2. ஒரு சக்கரம் ஏற்கெனவே வேகமாகச் சுழலும்போது லாக்கை மிதிக்கக்கூடாது. பற்கள் மோதி உடையும். கிளட்சை மிதித்து, சக்கரங்கள் நின்ற பிறகு லாக்கை மிதித்து, பின்னர் கிளட்சை மெதுவாக விடவேண்டும்.

3. லாக் போட்டிருக்கும்போது நேராக மட்டுமே செல்ல வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் டிராக்டர் நேராகவே தள்ளிக்கொண்டு போகும். ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்பவும் கூடாது.

4. இடரான இடத்தைத் தாண்டியதும் காலை எடுத்துவிட வேண்டும். இரு சக்கரங்களின் பளுவும் சமமானதும் லாக் தானாக விடுபடும். விடுபடாவிட்டால் கிளட்சை மிதித்துப் பளுவைக் குறைத்தாலோ, ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது அசைத்தாலோ விடுபடும்.

5. தார் சாலையிலும் கெட்டித் தரையிலும் லாக்கைப் பயன்படுத்தக்கூடாது.

சட்டிக் கலப்பையால் உழும்போது ஒரு சக்கரம் உழுத சாலிலும் மற்றது உழாத நிலத்திலும் ஓடும். டிராக்டர் சால் பக்கம் சாய்ந்திருப்பதால் எடை சால் சக்கரத்தின் மேல் அதிகமாக விழும். உழாத நிலத்தில் ஓடும் சக்கரம் எடை குறைந்து முதலில் சறுக்கும். இவ்வாறு சறுக்கும்போது நேர்சாலில் லாக்கைப் பயன்படுத்தலாம். வரப்போரம் திரும்பும் முன் கலப்பையைத் தூக்கும்போதே லாக்கும் விடுபட்டிருக்க வேண்டும்.

சறுக்கலை அளந்து பார்க்கலாம்

உழும்போது சக்கரம் ஓரளவு சறுக்கியே தீரும். சறுக்கல் அறவே இல்லாவிட்டால் வண்டியில் தேவைக்கு மேல் எடை உள்ளது என்று பொருள். இரு சக்கர இயக்கம் உள்ள டிராக்டருக்குக் கெட்டியான நிலத்தில் 10 சதவிகிதத்தை ஒட்டியும், உழுத பொலபொலப்பான நிலத்தில் 15 சதவிகிதம் வரையும் சறுக்கல் இருக்கலாம். அதற்கு மேல் போவது நட்டம்.

இதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறியிட வேண்டும். உழவேண்டிய அதே நிலத்தில், கலப்பையைத் தூக்கிய நிலையில் டிராக்டரை ஓட்டி, குறி 10 முறை சுற்றி வரும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே மறுபடி 10 சுற்றுக்கான தூரத்தை அளக்க வேண்டும். ஓட்டுநர் வண்டியை ஓட்ட, மற்றொருவர் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நடந்துகொண்டே சுற்றுகளை எண்ணலாம்.

13.6-28 அளவு டயர் உள்ள வண்டியில், கலப்பை தூக்கிய நிலையில் 10 சுற்றுக்கு 39 மீட்டர் என்று கொள்வோம். உழும்போது 33 மீட்டர் வந்தால் குறைவு 6 மீட்டர். 6-ஐ 39-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 15 சதவிகிதம். இது ஏற்கத்தக்கது. உழும்போது 27 மீட்டர் மட்டுமே வந்தால் சறுக்கல் சுமார் 31 சதவிகிதம். அளவு நாடா இல்லாவிட்டால் காலடியால் அளந்தாலும் போதும். 52 அடி எடுத்து வைத்த இடத்தில் 44 அடி வந்தால் அதுவும் 15 சதவிகிதம்தான்.

இதன் செலவைப் பார்ப்போம். 15 சதவிகிதச் சறுக்கலில் 4 மணி நேரத்தில் முடியும் உழவு, 30 சதவிகிதச் சறுக்கலில் 4 மணி 51 நிமிடம் பிடிக்கும். வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று கொண்டால் அந்த 51 நிமிடத்துக்கு 850 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேரிடும். நிலம் அதே நிலம்; உழவும் அதே உழவு. சொந்த வண்டியானால் டீசலும் டயரும் அவ்வளவுக்குத் தேய்கின்றன.

சறுக்கல் அதிகமானால் செய்ய வேண்டியவை

சறுக்கும் வண்டியைக் கீழ் கியருக்கு மாற்றுவதால் மட்டும் பயன் கிடைக்காது. கீழ் கியர் சக்கரத்துக்கு வரும் விசையைக் கூட்டுகிறது, பிடிப்பைக் கூட்டுவதில்லை. பிடிப்பைக் கூட்டும் வழிகள் வேறு.

முதலில் டயரைப் பார்க்க வேண்டும். கட்டைகள் தேய்ந்து வழவழப்பான டயர் ஈர மண்ணில் பிடிக்காது. பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டும்படி டயர் மாட்டப்பட்டிருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டிய பின் மாற்றி மாட்டிவிடும் தவறு சாதாரணமாக நேர்கிறது. அவ்வாறு மாட்டினால் கட்டைகளுக்கிடையே மண் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது காற்று. சாலையில் டிரெய்லர் இழுப்பதற்கு அடைத்த காற்றுடனேயே வயலில் இறங்கினால் டயர் மண்ணில் போதுமான அளவு பதியாது. வயல் வேலைக்குப் பின் டயரில் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அளவில் காற்று இருப்பது பல வண்டிகளுக்குப் பொருந்தும். கையேட்டில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலைக்குப் போகும் முன் மீண்டும் காற்றைக் கூட்டிக்கொள்வதும் அவசியம்.

மூன்றாவது எடை. பின்சக்கரத்தில் இரும்பு எடைகளை மாட்டலாம். அல்லது டயரில் நீர் நிரப்பலாம். சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, காற்று வால்வு உச்சியில் நிற்கும்படி வைத்து, வால்வு வழியே நீர் வெளிவரும் வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிரம்பும். எஞ்சிய கால் பங்கில் காற்று அடைக்க வேண்டும். 13.6-28 டயர் ஒன்றில் இவ்வாறு சுமார் 190 லிட்டர், அதாவது 190 கிலோ எடை ஏறும். இரு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். பின்னால் எடை கூட்டும்போது முன்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களில் இருந்தால்தான் ஸ்டியரிங் பிடிக்கும்.

எடை எல்லா வேலைக்கும் உகந்ததன்று. ரோட்டவேட்டர் சுழலும்போது அதன் கத்திகளே டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகின்றன. அதற்கு எடை தேவையில்லை. விதைப்பு, மருந்தடிப்பு போன்ற இலகுவான வேலைக்கும் தேவையில்லை. தேவையில்லாத எடை மண்ணை இறுக்கும். பின் அச்சின் பல்சக்கரங்களுக்கும் சுமையாகும். சேற்றுழவில் எடை கூட்டினால் வண்டி மேலும் புதையும். அங்கே கேஜ் வீலே ஏற்றது.

நான்காவது கலப்பையின் அமைப்பு. ஹைட்ராலிக்கில் இழுவைக் கட்டுப்பாட்டு நெம்பு உள்ள வண்டியில், உழவுக்கு அதையே பயன்படுத்த வேண்டும். இழுவை கூடும் இடத்தில் கலப்பை சற்றே தானாக மேலெழுந்து, தன் எடையில் ஒரு பகுதியைப் பின்சக்கரத்தின் மேல் ஏற்றும். இவ்வளவு செய்தும் சறுக்கல் குறையாவிட்டால் உழவின் ஆழத்தையோ, கொத்துகளின் எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். மண் பக்குவத்துக்கு வர ஒரு நாள் பொறுத்திருப்பதும் நல்ல வழியே.

பின்புறம் கவிழும் ஆபத்து

சேற்றில் புதைந்த வண்டியை எடுக்கச் சக்கரத்தின் குறுக்கே மரக்கட்டையைச் சங்கிலியால் பிணைத்து ஓட்டும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. இது உயிரைப் பறிக்கும் பழக்கம். பின்சக்கரம் சுற்ற முடியாமல் சிக்கிக்கொள்ளும்போது, கிரவுனைச் சுற்ற முயலும் பினியன் டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றி மேலே தூக்கும். முன்சக்கரங்கள் எழும்பி, ஓட்டுநர் கிளட்சில் கால் வைக்கும் முன்பே வண்டி பின்புறம் கவிழ்ந்து அவர் மேல் விழுந்துவிடும். லாக் போட்டு இரு சக்கரங்களும் சிக்கியிருந்தாலும் இதே ஆபத்து உண்டு.

எனவே புதைந்த வண்டியில் ஒரு முறை மெதுவாக முயன்று, நகராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கலப்பையையோ டிரெய்லரையோ கழற்றி, சக்கரத்தின் பின்புறம் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே வெளியேற வேண்டும். முடியாவிட்டால் வேறு வண்டியைக் கொண்டு இழுக்க வேண்டும். இழுக்கும் வண்டியில் சங்கிலியை அச்சுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே கட்ட வேண்டும். அச்சிலோ, அதற்கு மேலுள்ள டாப் லிங்க் முளையிலோ கட்டினால் இழுக்கும் வண்டியே கவிழும். சங்கிலி அறுந்து வீசும் எல்லைக்குள் யாரும் நிற்கக்கூடாது.

பழைய டிராக்டர் வாங்கும்போது பின் அச்சைச் சோதித்தல்

பழைய வண்டி வாங்குவோர் எஞ்சினின் புகையையும் சத்தத்தையும் பார்த்துவிட்டு விலை பேசிவிடுகின்றனர். பின் அச்சு பழுதானால் செலவு எஞ்சின் வேலைக்குச் சற்றும் குறையாது. கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்வது நல்லது.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, இரு பின்சக்கரங்களும் தரையைத் தொடாமல் இருக்கச் செய்ய வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் மறுசக்கரம் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அடுத்து லாக்கை மிதித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால், லாக் கோத்துக்கொண்டதும் சக்கரம் நின்றுவிட வேண்டும். அப்படியும் சுற்றினால் லாக் வேலை செய்யவில்லை. சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்கும்போது பிடிபடுவதற்கு முன் ஆட்டம் மிகுதியாக இருந்தால் பற்கள் தேய்ந்துள்ளன.

அடுத்தது சத்தம். பளு இழுக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் கிரவுனும் பினியனும் தேய்ந்திருக்கலாம். திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் டிபரென்ஷியல் கூட்டுக்குள் உள்ள சிறு பல்சக்கரங்களில் கோளாறு. எப்போதும் உறுமல் கேட்டால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அடிப்புறத் திருகைச் சிறிது தளர்த்தி ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் கலந்த தேநீர்போல் இருந்தால் நீர் புகுந்துள்ளது. சேற்றுழவு செய்த வண்டிகளில் இது அடிக்கடி காணப்படும். திருகின் காந்தத்தில் மைபோன்ற நுண்துகள் ஒட்டியிருப்பது இயல்பு. மினுங்கும் தகடுகளோ உடைந்த பல் துண்டோ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே மேல்.

பல டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக், எண்ணெயில் மூழ்கிய பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அத்தகைய வண்டியில் விலை குறைவு என்று சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் கெடும். கையேட்டில் குறிப்பிட்ட ரகத்தையே, குறிப்பிட்ட மணி நேரத்தில் மாற்ற வேண்டும்.

கிரவுன், பினியன் மாற்றும்போது

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி, ஒரே எண் பொறித்து ஜோடியாக வெளிவருபவை. ஒன்று மட்டும் உடைந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதை வாங்கும் முன் பழையதன் பற்களை எண்ணி எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒரே பெயரில் விற்கும் வண்டிகளிலும் பல் எண்ணிக்கை வேறுபடலாம்.

பொருத்திய பின் பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுப்பகுதியில் விழுகிறதா என்று மெக்கானிக் சரிபார்க்க வேண்டும். பற்களுக்கிடையே உள்ள இடைவெளியையும் கையேட்டின்படி தகடுகள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். உரிமையாளர் அருகில் இருந்து இந்த இரண்டையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. இந்தச் சோதனையை விட்டுவிட்டால் புதிய பல்சக்கரமும் விரைவிலேயே கத்தத் தொடங்கும்.

நான்கு சக்கர இயக்க வண்டிகள்

இப்போது தோப்புகளிலும் நன்செயிலும் நான்கு சக்கர இயக்கம் உள்ள சிறு டிராக்டர்கள் பரவிவருகின்றன. இவற்றில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் பல்சக்கரங்கள் டயர் அளவோடு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டுள்ளன. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவிகிதம் வரை முந்திச் சுற்ற வேண்டும். கிடைத்த அளவில் டயர் வாங்கி மாட்டினால் இந்தப் பொருத்தம் கெடும். முன் அச்சின் பல்சக்கரங்கள் தேயும்.

இதையும் அளக்கலாம். வயலில் முன் இயக்கம் இல்லாமல், பின்சக்கரம் 10 சுற்றுச் சுற்றும்போது முன்சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். பிறகு முன் இயக்கத்தைப் போட்டு எண்ண வேண்டும். முன்னது 15, பின்னது 15.5 என்றால் முந்தல் சுமார் 3 சதவிகிதம், பொருத்தம் சரி. முந்தல் இல்லாமலோ, 5-க்கு மேலோ போனால் டயர் அளவைச் சரிபார்க்க வேண்டும். கெட்டிச் சாலையில் முன் இயக்கத்தை எடுத்துவிட்டே ஓட்ட வேண்டும்.

பழைய பிக்கப் வண்டி வைத்திருப்போருக்கு

காய்கறி, தேங்காய் ஏற்றிச் செல்லப் பழைய பிக்கப் வாங்குவோர் "லிமிடெட் சிலிப்" டிபரென்ஷியலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். இதில் உராய்வுத் தட்டுகளோ, தனி அமைப்புள்ள பல்சக்கரங்களோ இருக்கும். ஒரு சக்கரம் சறுக்கத் தொடங்கினால் மறுசக்கரத்துக்குக் கூடுதல் விசையை இது தானாகவே அனுப்பும். ஓட்டுநர் எதையும் மிதிக்க வேண்டியதில்லை. சாலையில் திரும்புவதற்கும் இடையூறு இல்லை. ஆனால் லாக்கைப்போல் முழுமையாகப் பூட்டாது.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. தார் சாலையிலேயே ஓடி, கடைசி நூறு மீட்டர் மட்டும் மண் தடத்தில் போகும் வண்டிக்கு நல்ல பின் டயர்களே போதும். காலி பிக்கப்பில் எடை முன்புறமே இருப்பதால் பின்சக்கரம் சறுக்கும். பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மூட்டை மணலை நகராமல் கட்டி வைத்தால் பல சமயம் சிக்கல் தீரும். தினமும் ஈரமான மலைத் தடங்களில் ஏறி இறங்கும் வண்டிக்கே லிமிடெட் சிலிப் செலவு தகும். உராய்வுத் தட்டு வகைக்கு அதற்கென உள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும். இவ்வகை வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டு எஞ்சினை இயக்கவே கூடாது. தரையில் உள்ள சக்கரம் சுற்றி வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

அச்சின் பல்விகிதத்தை மாற்றுவோரும் உள்ளனர். 4.1 விகிதத்தை 4.5 ஆக்கினால் ஏற்றத்தில் இழுக்கும் விசை சுமார் 10 சதவிகிதம் கூடும். ஆனால் முன்பு மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடிய அதே எஞ்சின் சுழற்சியில் இனி சுமார் 55 கிலோமீட்டரே ஓடும். நெடுஞ்சாலையில் டீசல் கூடுதலாகச் செலவாகும். சக்கரம் சறுக்கும் தொல்லைக்கு இந்த மாற்றம் மருந்தாகாது. ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் பல்விகிதத்தை யோசிக்கலாம். சக்கரம் சுழன்று வண்டி நின்றால் டயர், எடை, டிபரென்ஷியல் ஆகியவற்றையே கவனிக்க வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

வாடகை டிராக்டர் வயலில் இறங்கியதும் முதல் சாலிலேயே சறுக்கலை அளந்து பார்ப்பது நல்லது. 15 சதவிகிதத்துக்கு மேல் போனால் காற்று, எடை, ஆழம் ஆகியவற்றைச் சரிசெய்யும்படி ஓட்டுநரிடம் கேட்கலாம். லாக் மிதி வேலை செய்கிறதா என்றும் கேட்கலாம். சேறு நிறைந்த இடத்தைக் காட்டிக் கொடுத்து, அங்கே லாக்கை முன்கூட்டியே போடச் சொல்லலாம். ஒருகால் வண்டி புதைந்துவிட்டால், அவசரப்பட்டு மரக்கட்டையைச் சக்கரத்தில் கட்ட யாரையும் அனுமதிக்கக்கூடாது. ஒரு நாள் உழவு தள்ளிப் போனால் மறுநாள் உழுதுகொள்ளலாம்.

டிராக்டர் வாங்க எண்ணுவோர், மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரிலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் வெளியிடும் சோதனை அறிக்கைகளைப் பார்க்கலாம். எடை ஏற்றியும் ஏற்றாமலும் அந்த வண்டி எவ்வளவு இழுத்தது என்பதை அவற்றிலிருந்து அறியலாம். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் இது பற்றிய ஆலோசனை பெறலாம்.